கிழங்கோடு வரும் மண்

ஊட்டி உருளைக்கிழங்கில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பற்றி ஒரு சண்டை எங்கள் பக்கத்துச் சந்தைகளில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. “மண்ணுக்கும் சேர்த்துக் காசு குடுக்கணுமா?” என்று வாங்குகிறவர் கேட்பார். “மண்ணோட இருந்தாத்தாங்க ஊட்டிக் கிழங்கு. வெள்ளையா வேணும்னா அந்தக் கடையில ஆக்ராக் கிழங்கு இருக்கு” என்று விற்கிறவர் பதில் சொல்வார். கோவை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் கூடுதல் விலை கொடுத்தும் ஊட்டிக் கிழங்கையே தேடி வாங்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு அந்த மண்தான் அடையாளம். அதனாலேயே வேறு ஊர்க் கிழங்கின் மேல் செம்மண்ணைப் பூசி ஊட்டிக் கிழங்கு என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். இந்தச் சண்டையை எத்தனையோ முறை கேட்டுக் கடந்துபோயிருக்கிறேன். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது. “கேரட்டைக் கழுவி அனுப்பத் தெரியுது, கிழங்கைக் கழுவ மட்டும் மலைக்காரங்களுக்குச் சோம்பேறித்தனம்” என்றார் அவர்.

என்னால் அதை ஏற்கவும் முடியவில்லை, அங்கேயே மறுத்துப் பேசவும் வரவில்லை. நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் எனக்கு நெருங்கிய குடும்பம் இருக்கிறது. படகர்கள். சரிவில் அடுக்கடுக்காக இரண்டு ஏக்கருக்கும் குறைவான தோட்டம். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு, நடுவில் உருளைக்கிழங்கு. அவர்கள் விடியலுக்கு முன்னாலேயே எழுந்து செய்யும் வேலையைப் பார்த்தவர் யாரும் சோம்பேறித்தனம் என்று வாயெடுக்க மாட்டார். ஆனால் அந்த இளைஞர் சொன்ன வேறுபாடு உண்மைதான். அங்கே கேரட்டைப் பறித்த கையோடு கழுவும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பெரிய உருளை சுழல, தண்ணீர் பீய்ச்ச, ஆரஞ்சு நிறம் பளபளக்க வெளியே வருகிறது. மூட்டை கட்டி அன்றே லாரி இறங்கிவிடும். அதே வீட்டில் உருளைக்கிழங்கை மட்டும் யாரும் தண்ணீர் பக்கம் கொண்டுபோவதில்லை. ஏன் என்று கேட்கப்போய்த்தான், சேமிப்பு, விதை, நோய் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், கடைசியில் அந்த மண்ணைப் பற்றிய என் எண்ணமே வேறாகிவிட்டது.

தோல் முற்றும் வரை

உருளைக்கிழங்கு பறித்த பிறகும் உயிரோடு இருக்கும் பொருள். மூச்சு விடுகிறது, தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது, தன் காலம் வரும்போது முளைக்கிறது. அதைப் பாதுகாப்பது என்றால் அந்த உயிரை மெதுவாக ஓட வைப்பதுதான். அதற்கான ஏற்பாடு பறிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. நட்டு நான்கு மாதம் ஆகும் வாக்கில் இலை பழுத்துச் சாயும். உடனே தோண்டுவதில்லை. தழையைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நாள் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் தோல் முற்றிவிடும். இடையில் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். தோல் வழன்றுகொண்டு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவத்தின் மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த நாட்களில் இலைக்கருகல் நோய் வந்தால், முதல் நாள் பச்சையாக இருந்த தோட்டம் நாலைந்து நாளில் தீய்ந்தது போலாகிவிடும். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1870க்கும் 1880க்கும் இடையில். இலையில் இருக்கும் நோய்வித்துகள் மழைநீரோடு இறங்கிக் கிழங்கைத் தொட்டுவிட்டால், பின்னால் குவியலில் அழுகல் தொடங்கும். செடியைச் சுற்றி மண்ணை உயரமாக அணைத்து விடுவதும், தழையை அறுத்து எடுத்துவிட்டுச் சில நாள் கழித்துத் தோண்டுவதும் அந்தத் தொடர்பைத் துண்டிக்கத்தான். பரம்பரையாக வந்த வழக்கம் என்று நாம் ஒற்றை வரியில் சொல்லிவிடுகிற காரியத்துக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

தோண்டிய கிழங்கை வெயில் படாமல் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தாழ்வாகக் குவிக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. உயரமாகக் குவித்தால் அடியில் சூடு ஏறும், காற்றுப் போகாது, கிழங்கின் நடுப்பகுதி கறுத்துவிடும். மேலே புல்லோ சாக்கோ போட்டு மூடிவிட்டு இரண்டு வாரம் தொடுவதில்லை. கொத்துப் பட்ட கீறல்கள் இந்த நாட்களில்தான் ஆறுகின்றன. காயத்தின் மேல் தக்கை போல் ஒரு படலம் உருவாகி மூடிக்கொள்கிறது. அதற்கு மிதமான குளிரும் காற்றில் ஈரப்பதமும் வேண்டும். மற்ற ஊர்களில் அறை கட்டி, இயந்திரம் வைத்து உண்டாக்க வேண்டிய சூழலை ஊட்டி, கேத்தி வட்டாரத்து வானமே கொடுத்துவிடுகிறது. இதற்குப் பிறகுதான் தரம் பிரிப்பு. வெட்டுப்பட்டது, ஈரம் கசிவது, பச்சை ஓடியது எல்லாம் தனியே போகும்.

இப்போது கழுவுவதற்கு வருவோம். கழுவிய கிழங்கில் ஈரம் கண்களுக்குள்ளும் கீறல்களுக்குள்ளும் தங்குகிறது. மூட்டைக்குள் அந்த ஈரம் போதும், அழுகல் பாக்டீரியா பெருகிவிடும். முழுக்க உலர்த்தி அனுப்பலாம் என்றால், மழைக்கால நீலகிரியில் எங்கே உலர்த்துவது? மண் போன பின் வெளிச்சம் நேராகத் தோலில் விழுவதால் கடைத்தட்டில் பச்சை ஓடுவதும் சீக்கிரம் நடக்கும். பச்சை ஓடிய கிழங்கில் சோலனைன் என்ற நச்சு கூடுகிறது, சமையலுக்கு ஆகாது. கேரட் இரண்டு மூன்று நாளில் தட்டுக்குப் போய்விடுகிற சரக்கு. கிழங்கு வாரக்கணக்கில் இருக்க வேண்டியது. ஒன்றைக் கழுவுவதும் மற்றதைக் கழுவாததும் அதனால்தான். கட்டி கட்டியாக அப்பிய ஈர மண்ணை நான் ஆதரிக்கவில்லை. அது காற்றையும் அடைக்கும், எடையையும் கூட்டும், அந்த வகையில் வாங்குகிறவர் கோபம் நியாயமானது. மெல்லிய பொடியாக உலர்ந்து ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. சமைக்கும்போது நாமே கழுவிக்கொள்ளலாம்.

இந்தப் பாதுகாப்பின் அருமை குளிர்பதனக் கிடங்குக் கிழங்கோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். கங்கைச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிழங்கு தோண்டுகிறார்கள். அடுத்து வருவது நாற்பது டிகிரி வெயில். கிடங்கு வருவதற்கு முன் மரநிழலில் குவித்தும், குழி வெட்டி வைக்கோல் போட்டு மூடியும் சில மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். இப்போது 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. வறுத்தால் சட்டென்று கருஞ்சிவப்பாவதும், பொரியலில் ஓர் இனிப்பு தட்டுவதும் அதனால்தான். வடக்கத்தி விவசாயியின் குறை இதில் எதுவும் இல்லை, அவருக்கு வாய்த்த வானிலை அப்படி. அந்த இனிப்பு ஏறாமல் வீட்டுக்கு வருகிற கிழங்கைத்தான் நம் வீடுகளில் “ஊட்டிக் கிழங்கு ருசி” என்று சொல்கிறோம் என்பது என் எண்ணம்.

கார், கடை, நீர்

சாப்பாட்டுக் கிழங்கை வைப்பது பாதிக் கதைதான். விதைக்கிழங்குதான் ஒரு சிறு விவசாயியின் உண்மையான கவலை. நெல்லுக்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போதும். நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு ஏக்கருக்கு 1,200 முதல் 1,400 கிலோ வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக் கணக்கில் 45 கிலோ மூட்டையாகப் பார்த்தால் முப்பது மூட்டை. ஓர் ஏக்கரில் ஆறு முதல் எட்டு டன் விளைகிறது என்று வைத்துக்கொண்டால், விளைந்ததில் ஏறக்குறைய ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு மறுபடியும் மண்ணுக்குள் போக வேண்டும். சமவெளியில் கிழங்கை வெட்டி, ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று கண் என்று நட்டுச் செலவைக் குறைக்கலாம். மலையின் ஈர மண்ணில் வெட்டிய துண்டு அழுகிவிடும் என்பதால் முட்டை அளவுள்ள முழுக்கிழங்கையே நடுகிறார்கள். விதையை வெளியில் வாங்குவதென்றால் சாகுபடிச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

தோண்டிய கிழங்கை அடுத்த மாதமே எடுத்து நட்டுவிடவும் முடியாது. இரண்டு மூன்று மாதம் அது உறங்கும். எவ்வளவு நீர் விட்டாலும் முளைக்காது. இந்த உறக்கத்தை வைத்துத்தான் மூன்று போகங்களும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. சித்திரை மழையை நம்பி நடுவது கார் போகம். ஆகஸ்டில் நட்டு ஆண்டுக் கடைசியில் எடுப்பது கடை போகம். ஜனவரி வாக்கில் பள்ளத்தில் ஓடை ஓரமாக நட்டு, பாசனம் வைத்து, உறைபனிக்குப் பயந்து பயந்து வளர்ப்பது நீர் போகம். கடை போகத்தின் கிழங்கு உறங்கி எழும்போது கார் போகம் வந்துவிடும். கார் போகத்துக் கிழங்கு எழும்போது நீர் போகம். நீர் போகத்தில் மே மாதம் எடுத்தது ஆகஸ்டில் முளைவிட்டுக் கடை போகத்துக்குத் தயாராக நிற்கும். ஒரே குடும்பம் மூன்று போகமும் வைக்க முடியாது. பள்ளத்தில் நிலம் உள்ளவரும் மேட்டில் நிலம் உள்ளவரும் விதையை மாற்றிக்கொண்டால்தான் சுற்று முழுமையாகும். 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் இது. சாமை, கோரளி போன்ற சிறுதானியங்களைப் போட்டுக்கொண்டிருந்த மக்கள் ஒரு புதுப்பயிரின் உறக்கத்தைக் கணக்கிட்டு, வருடம் முழுவதற்கும் ஒரு விதைச் சுற்றை அமைத்துக்கொண்டதை எண்ணினால் எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

அந்த வீட்டில் கிழங்குக்கு இரண்டு இடங்கள். சாப்பிடுகிறது, விற்கிறது எல்லாம் சாக்குத் திரை போட்ட இருட்டுக் கொட்டகையில். விதை மட்டும் திண்ணையை ஒட்டிய மரச்சட்ட அறையில். அங்கே காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, நேர் வெயில் கிடையாது. மூங்கில் தட்டுகளில் ஒன்றிரண்டு அடுக்காகப் பரப்பி வைத்திருப்பார்கள். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடிகிற மாதிரி வளரும். வெளிச்சத்தில் அதே முளை கட்டைவிரல் நக நீளத்துக்குக் குட்டையாக, தடித்து, பச்சையும் ஊதாவுமாக நிற்கும். கூடையில் போட்டுத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனாலும் ஒடியாது. கிழங்கும் பச்சை ஓடிவிடும். சமையலுக்கு எது கெடுதலோ அதுவே விதைக்குக் காவல். பச்சை ஓடிய கிழங்கு எளிதில் அழுகாது. முதலில் உச்சிக்கண்ணில் ஒற்றை முளை கிளம்பினால் அதை மட்டும் கிள்ளிவிடுவார்கள். அப்புறம் நாலைந்து கண்கள் சேர்ந்து முளைக்கும், செடிக்குத் தண்டுகள் கூடும்.

அந்துப்பூச்சிக்குத் தட்டுகளின் மேல் காய்ந்த உண்ணிச்செடி இலையும் தைலமர இலையும் தூவியிருந்தார்கள். கிழங்குக்குள் துளைபோடும் இந்த அந்து 1906இல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. உருளைக்கிழங்கின் தாய்வீடான ஆண்டிஸ் மலைகளிலும் விவசாயிகள் முஞ்ஞா என்ற வாசனைச் செடியின் தழையைக் கிழங்கோடு சேர்த்து வைக்கிறார்கள். உண்ணிச்செடியும் தைலமரமும் நம் மலைக்கு வெளியிலிருந்து வந்து காடுகளைக் கெடுத்தவை. அவற்றிலிருந்து கிடைக்கும் ஒரு நல்ல உபயோகத்தையாவது எடுத்துக்கொள்வோம்.

குச்சி ஊன்றிய நாள்

விதை எடுப்பது என்றால் குவியலிலிருந்து பொறுக்குவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பல இடங்களில் நடப்பதும் அதுதான். பெரியது மண்டிக்கு, நடுத்தரம் வீட்டுக்கு, மிஞ்சுகிற சின்னக் கிழங்கு விதைக்கு. ஒரு கார் போகத்தின்போது அங்கே போயிருந்தேன். ஜூன் மாதக் கடைசி. செடிகள் பூக்கத் தொடங்கியிருந்தன, சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு நண்பரின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், வெள்ளை முண்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, தேயிலைக் கவாத்துக் குச்சிகளை ஒரு கட்டாக இடுப்பில் வைத்தபடி பாத்திகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். சில செடிகளின் அருகில் நின்று, இலையைத் திருப்பிப் பார்த்து, ஒரு குச்சியை ஊன்றிவிட்டு நகர்ந்தார். பல செடிகளைப் பார்த்தபடியே கடந்துபோனார். கொடி ஏறுகிற பயிர் இல்லையே, எதற்குக் குச்சி என்று கேட்டேன். “விதை எடுக்கறேன் தம்பி” என்றார்.

அப்போது மண்ணுக்குள் கிழங்கு இன்னும் சின்னதாகத்தான் இருந்திருக்கும். அவர் நடந்துகொண்டே சொன்னார். “கிழங்கைப் பாத்து விதை எடுக்கக் கூடாது. கிழங்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். செடிதான் சொல்லும். தழை காஞ்சுபோச்சுன்னா அப்புறம் யாரைக் கேக்கறது?” பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். இதோ இந்தச் செடியில் இலை மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது, தொட்டால் காகிதம் மாதிரி மொரமொரப்பு. அதில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு. இன்னொன்று குட்டையாக நின்றுவிட்டது. ஒன்று உச்சி வெயிலில் மட்டும் தலை தொங்கி மாலையில் நிமிர்கிறது. இவை எதற்கும் குச்சி இல்லை. பக்கத்துச் செடிகளும் நன்றாக இருக்கிற செடியாகப் பார்த்துத்தான் ஊன்றுகிறார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி நடப்பார். அதற்குள் நோய் காட்டிய செடியிலிருந்து குச்சியைப் பிடுங்கிவிடுவார். அறுவடையில் குச்சிச் செடிகளை மற்றவற்றுக்கு முன்பே தனியாகத் தோண்டுவார்கள். மேலே நன்றாக இருந்தும் கீழே இரண்டு மூன்று கிழங்குதான் என்றால் அதுவும் விதைக்கு ஆகாது. மிஞ்சுகிற நல்ல செடிகளிலிருந்து முட்டை அளவுக் கிழங்குகள் மட்டும் மரச்சட்ட அறைக்குப் போகும்.

“சின்னக் கிழங்கையே விதைக்குப் போட்டா என்னம்மா ஆகும்?” என்று கேட்டேன். “நாலு போகத்துல தோட்டம் காலி” என்றார். இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். இலைச்சுருட்டை, தேமல் போன்ற வைரஸ் நோய்களை அசுவினிப் பூச்சிகள் செடிக்குச் செடி பரப்புகின்றன. வைரஸ் கிழங்குக்குள் இறங்கி அடுத்த தலைமுறைச் செடிக்கும் போகிறது. நோயுற்ற செடி பெரும்பாலும் சின்னக் கிழங்கைத்தான் வைக்கும். ஆகவே குவியலில் மிஞ்சும் சின்னக் கிழங்குகளை விதைக்கு ஒதுக்குகிறவர், தன்னையறியாமல் நோயுற்ற செடிகளின் பிள்ளைகளையே அதிகம் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொரு போகத்திலும் அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகும். ‘விதை தேய்ந்துவிட்டது’ என்று சொல்லி வடக்கிலிருந்து புது விதை வாங்குகிற நிலை வருவது இப்படித்தான். கென்யா போன்ற நாடுகளில் வேளாண் விஞ்ஞானிகள் சிறு விவசாயிகளுக்கு இதே குச்சி ஊன்றும் முறையைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்த அம்மாவுக்கு அதை அவருடைய மாமியார் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த ஈர மதியத்துக்குப் பிறகு எனக்குச் சாகுபடியும் சேமிப்பும் தனித்தனியாகத் தெரிவதில்லை. எந்தக் கிழங்கு திண்ணை அறையில் மாதக்கணக்கில் தாங்கும் என்பதை அவர் ஜூன் மாதமே தோட்டத்தில் முடிவுசெய்துவிடுகிறார். கொட்டகையில் அழுகல் வராமல் பார்ப்பதும் மண் அணைக்கும் நாளிலேயே தொடங்கிவிட்டது.

அதே மண்ணில் இன்னொன்று

இத்தோடு நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் மண்ணைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற நூற்புழு ஆய்வாளர் ஊட்டி விஜயநகரத்தில் ஒரு தோட்டத்தில் உருளைக்கிழங்கு வேரை ஆராய்ந்து, அதைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இங்கே வந்துவிட்டதைக் கண்டார். வேரில் கடுகைவிடச் சிறிய முத்துகள், முதலில் வெள்ளையாகவும் பின்பு பொன்மஞ்சளாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பெண்புழுவின் உடல், அது இறந்ததும் இறுகிக் கூடாகிவிடும், உள்ளே சில நூறு முட்டைகள். உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் சாறு படும்வரை அவை பல வருடங்கள் மண்ணில் அப்படியே கிடக்கும். ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவது பெரும்பாலும் கிழங்கில் ஒட்டிய மண்ணோடுதான். 1971இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. 2018இல் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர் மலைகளிலும் இதே புழு உறுதியாகி, அங்கிருந்து விதை போவதும் நிறுத்தப்பட்டது.

ஆக, சமையலறைக்கு வரும் கிழங்கில் நன்மை செய்கிற மண், இன்னொரு தோட்டத்துக்குப் போகும் கிழங்கில் பெரும் கேடு. அந்தக் குடும்பத்தில் இதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டுக் கிழங்கை மண்ணோடு வைக்கிறவர்கள், விதைக்கிழங்கை மட்டும் காய்ந்த சாக்கால் தேய்த்து மண்ணை உதிர்ப்பார்கள். அதுவும் விளைந்த தோட்டத்திலேயே உட்கார்ந்து. செடிகள் திட்டாகக் குட்டைபோட்ட இடத்திலிருந்து விதை எடுப்பதே இல்லை. ஒருமுறை கிழங்கு வைத்த அடுக்கில் அடுத்து முட்டைகோஸ், கேரட், பூண்டு என்று மாற்றிவிட்டுத்தான் மறுபடி கிழங்குக்கு வருவார்கள். ஊட்டி அருகே முத்தோரையில் 1957 முதல் இயங்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்ததும், முன்பிருந்த குஃப்ரி ஜோதியோடு அவற்றையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனாலும் காய்ந்த சாக்குத் தேய்ப்பு முட்டைக்கூட்டை முழுக்க நீக்கிவிடாது. அக்கம்பக்கத்துக்குள் விதை மாற்றிக்கொண்ட பழைய வழக்கம்தான் இந்தப் புழுவை ஹட்டிக்கு ஹட்டி கொண்டுபோயிருக்கும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தையில் வாங்கிய ஊட்டிக் கிழங்கு வீட்டில் முளைத்துவிட்டால், மலைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் தோட்டத்தில் நட வேண்டாம்.

நண்பர் இந்த விஷயத்தில் அம்மாவோடு ஒத்துப்போவதில்லை. “சான்று பெற்ற விதையை வாங்கிப் போட்டுட்டுப் போயிடலாம். குச்சியைத் தூக்கிட்டு நடக்க இப்ப யாருக்கு நேரம் இருக்கு? ஆள் கூலி என்ன தெரியுமா?” என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீலகிரியில் அசுவினி வருடம் முழுவதும் உண்டு, எவ்வளவு பார்த்து எடுத்தாலும் விதை மெல்ல மெல்லத் தேயத்தான் செய்யும். பஞ்சாப் சமவெளியில் குளிர்காலத்தில் அசுவினி குறைந்த நாட்களில் விதைப்பயிர் வளர்த்து, அது பெருகுவதற்கு முன் ஜனவரியில் தழையை அறுத்துவிடுகிறார்கள். நல்ல விதைக்கு நாடு ஜலந்தரை நம்பியிருப்பது அதனால்தான். ஆனால் அந்த விதை லாரியில் வரும் நாளும் நம் போகம் தொடங்கும் நாளும் எப்போதும் பொருந்துவதில்லை. உறக்கம் கலையாத விதை வந்தால் பாதி முளைக்காது. நெடுந்தூரம் அடைபட்டு முளை நீண்ட விதை வந்தால் வழியிலேயே ஒடிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை விழுந்தபோது தேயிலைக்கு மாறியிருந்தவர்களில் மறுபடி கிழங்குக்குத் திரும்ப நினைத்தவர்களிடம் சொந்த விதை இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நல்ல விதையை வெளியிலிருந்து வாங்கட்டும், ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் வாங்க வேண்டாம். ஒருமுறை வாங்கியதைக் குச்சி ஊன்றித் தேர்ந்தெடுத்து, தன் தோட்டத்துக்குள்ளேயே மூன்று நான்கு போகம் ஓட்டலாம். அதற்கு வேண்டியது மரச்சட்ட அறை போன்ற வெளிச்சக் கொட்டகை. மலைநாட்டு விவசாயிகள் ஏற்கெனவே செய்துவந்ததைப் பார்த்துத்தான் பெரு நாட்டின் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இந்தக் கொட்டகையை எழுபதுகளின் கடைசியிலிருந்து பல நாடுகளில் பரப்பியது. இலங்கை மலைநாட்டிலும் விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூங்கில், மரச்சட்டம், மேலே ஓடு அல்லது தகடு, பக்கங்களில் எலியும் பூச்சியும் புகாத வலை. மின்சாரம் வேண்டாம். குளிர்பதனக் கிடங்குக்கு மானியம் இருக்கிறது, வெங்காயப் பட்டறைக்கும் இருக்கிறது. கிழங்கு விதைக்கு வெளிச்சக் கொட்டகை கட்டவும் அதே அளவு அக்கறையோடு உதவ வேண்டும். தோட்டம் தோட்டமாக, இரண்டு டன் விதை தாங்குகிற சின்னக் கொட்டகை போதும். ஊர்ப் பொதுவாக ஒன்று கட்டினால் ஒருவர் மண் இன்னொருவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

இந்தக் கார் போகத்தில் இரண்டு அடுக்குக்கு மட்டும் அம்மா சொல்கிறபடி குச்சி ஊன்ற நண்பர் சம்மதித்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரப்பில் உட்கார்ந்து செடியைக் காட்டுவார், நண்பரின் மகள் ஊன்றுவாள் என்று பேச்சு. அதில் எடுத்த விதையை நீர் போகத்தில் ஓர் அடுக்கிலும், வாங்கிய விதையைப் பக்கத்து அடுக்கிலும் வைத்து, மே மாதம் இரண்டையும் தனித்தனியாக எடை போடப் போகிறார்கள்.